சந்தேகத்துக்கு அரை மதிப்பு

நாலாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு வாய்கள்.
ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடிக்கும் ஊர்களில் பாதி,
ஏரித் தண்ணீர் ஊர்களில் பாதி.
ஒரு கட்டைவிரல் மேலுதட்டைத் தூக்கும்,
சென்றாயன் கைப்பேசியில் எடுப்பான்.
இரவு டவர் கிடைத்ததும்
தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
என் மாடி அறைக் கணினிக்குள்
ஒவ்வொன்றாக வந்து இறங்கும்.

ஃப்ளோரைடு பல்லுக்கு ஆறு படிகள்:
இல்லை, சந்தேகம், மிக லேசு, லேசு, மிதம், கடுமை.
சந்தேகத்துக்கு அரை மதிப்பு.
யார் வகுத்தாரோ,
பல்லைத் தவிர வேறெதையும் யோசித்திருப்பார்.

சுண்ணாம்பு கீறியது போல ஒரு கோடு: லேசு.
திரிந்த பால்: மிதம்.
பம்புசெட் குழாயின் வாய்போலத் துரு ஏறியது: கடுமை.
நாலு மாதம் நான்தான் படி போட்டேன்.
என் பல் கணக்கில் சேராது,
நான் ஆராய்ச்சிக் குழு.

பிறகு பயிற்சி.
மின்விசிறியை என் பக்கமிருந்து
கணினிப் பக்கம் திருப்பிவைத்தேன்.
விடிந்தபோது நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.
சென்றாயன் மிக்சர் வாங்கி வந்தான்.
சேலத்திலிருந்து பேராசிரியர்
ஒரு மஞ்சள் கட்டைவிரல் அனுப்பினார்.

எதைப் பார்த்துச் சொன்னாய் என்று
இயந்திரத்தைக் கேட்க ஒரு வழி இருக்கிறது.
வாயால் சொல்லாது.
பார்த்த இடத்தைச் சிவப்பாக்கிக் காட்டும்.

பற்கள் இருட்டில் கிடந்தன.
எரிந்துகொண்டிருந்தது கட்டைவிரல்.

ஏரி ஊர்களுக்கு முதலில் போனோம், வெறுங்கையோடு.
அப்புறம் பணம் வந்தது.
பெட்டி பெட்டியாக நீலக் கையுறை.
நீலம் என்றால் நோய்.
அது பொய் சொல்லவில்லை,
நாங்கள் காட்டியதில்
சுலபமானதைப் படித்துக்கொண்டது.
நானும் பத்தாவது அப்படித்தான் தேறினேன்.

அன்றிரவு கதவைத் தாழிட்டேன்.
முப்பத்தொரு வருஷமாக
யாருக்கும் முழுசாகக் காட்டாத பல்லை
வெறும் விரலால் உதடு தூக்கி எடுத்துக் கொடுத்தேன்.

இல்லை, என்றது.
நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு நிச்சயம்.

இத்தனை நிச்சயமாக யாரும் சொன்னதில்லை.
பெண் பார்க்க வந்தவர்கள்கூட
ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றுதான் எழுந்தார்கள்.
டீ ஆறும்வரை
அதை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு ஒரு கையுறை மாட்டினேன்.
கடுமை, என்றது.
சரியான விடைதான்.

தூக்கம் வரவில்லை.
'பயன்படாதவை' என்ற கோப்புறையைத் திறந்தேன்.
பல் தெரியாவிட்டால் தள்ளு:
நான் எழுதிய நிரல், மூன்றே வரி,
ஒருநாளும் பிழை காட்டியதில்லை.
இருநூற்று ஏழு படங்கள்.
இறுக மூடிய இருநூற்று ஏழு வாய்கள்.

எந்தெந்த ஊர் என்று எண்ணினேன்.
ஏரிப் பக்கம் பதினொன்று,
அதில் ஒன்றுக்கு அம்மை வடு.
மற்றதெல்லாம் இந்தப் பக்கம்.

சுத்தமான பல்லுள்ள பிள்ளை
கேட்காமலே ஈ என்று காட்டும்.
இவர்கள் உதட்டை எனக்குத் தெரியும்.
உள்ளே நாக்கு பல்லின்மேல் படுத்திருக்கும்,
சிரிப்பு மூக்கு வழியாகப் போகும்,
குரூப் போட்டோவில்
முன்னால் நிற்பவளின் தலை எப்போதும் கொஞ்சம் உயரம்.
கடுமையிலும் கடுமையை
கணக்கில் வராமல் தள்ளிவிட்டு
மீதிக்குச் சராசரி எடுத்திருக்கிறேன்,
இரண்டு தசமத்துக்குச் சுத்தமாக.

சென்றாயனைக் கூப்பிட்டேன்.
எல்லா ஊருக்கும் மறுபடி போகணும்,
எல்லா ஊருக்கும் ஒரே கை.

எந்தக் கை மேடம்? கையுறையா, வெறுங்கையா?

எதுவானாலும் சரி, நானும் வரேன்.
பிள்ளைங்க திறக்கிறதுக்கு முன்னாடி
நான் திறக்கிறேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
நாய் ஒன்று குரைத்தது, அவன் தெருவிலோ என் தெருவிலோ.

பாப்பாரப்பட்டி பஸ் ஆறே காலுக்கு, மேடம்.
பின் சீட்டில் உட்காராதீங்க,
தூக்கிப் போடும்.